உழப்படாத நிலம்

வீட்டின் முன்னால் விரிந்திருக்கும் புல்தரையை இயற்கையின் ஒரு துண்டு என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் மனிதன் உருவாக்கிய நிலங்களில் அதைப்போல விசித்திரமானது குறைவு. வயல் ஆண்டுதோறும் உழப்படுகிறது. காடு தன்னைத்தானே கிளறிக்கொள்கிறது. சருகு மக்கி, வேர் மட்கி, சிற்றுயிர்கள் துளையிட்டு அதன் மண் எப்போதும் பொலபொலப்பாகவே இருக்கிறது. புல்தரை மிதிபடுகிறது, வெட்டப்படுகிறது, உருளையால் அழுத்தப்படுகிறது; ஆனால் ஒருபோதும் உழப்படுவதில்லை. உழுதுவிட்டால் அது புல்தரையே அல்ல. மேற்பரப்பைக் குலைக்காமல் அடிமண்ணைத் திறப்பது எப்படி என்னும் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. அதற்கு இங்கிலாந்தும் பின்னர் அமெரிக்காவும் கண்ட விடைகளின் கதை சற்று வேடிக்கையானது, சற்றுத் துயரமானதும்கூட.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புல்தரை பிரபுக்களின் உடைமை. லேன்சலாட் பிரவுன் போன்ற தோட்டக் கலைஞர்கள், மாளிகையின் வாசற்படி வரை பசும்புல் வந்து தொடும்படி நிலங்களை வடிவமைத்தார்கள். விளையக்கூடிய நிலத்தை ஒன்றும் விளைவிக்காமல் வைத்திருப்பதே செல்வத்தின் அடையாளம். ஆடுகள் மேய்ந்தன, மாளிகையை ஒட்டிய பகுதியைக் கூலியாட்கள் பனி ஈரம் உலர்வதற்கு முன் நீண்ட அரிவாளால் அறுத்தார்கள். பின் கல்லுருளையும் இரும்புருளையும் இழுத்து மேடுபள்ளங்களை நிரவினார்கள். 1830இல் குளோஸ்டர்ஷயரின் எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேலெழும் நுண்ணிழைகளைச் சீவும் எந்திரத்திலிருந்து புல்வெட்டும் எந்திரத்திற்கான யோசனையைப் பெற்றுக் காப்புரிமை எடுத்தார். பிரபுக்களின் பசுமை மெல்ல நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கும் வந்தது. பெரிய எந்திரங்களை இழுத்த குதிரைகளின் குளம்புகளுக்குத் தோல் காலணி மாட்டினார்கள். புல்லின் மேல் தடம் விழக்கூடாதே என்ற கவலை! கண்ணுக்குத் தெரிந்த தடத்தைப் பற்றி அத்தனை அக்கறை காட்டியவர்கள், மண்ணுக்குள் விழுந்துகொண்டிருந்த தடத்தை எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த உள்தடத்தைச் சற்று விளக்க வேண்டும். நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஒரு பகுதியை நீரும் மறுபகுதியைக் காற்றும் நிரப்புகின்றன. வேரும் மூச்சுவிடும் உறுப்பு. அது உயிர்வளியை உள்ளிழுத்துக் கரியமில வாயுவை வெளியிடுகிறது. ஈரமான களிமண்ணை மீண்டும் மீண்டும் மிதிக்கும்போது முதலில் நசுங்குவன பெரிய துளைகளே. மழைநீர் இறங்குவதும் காற்று புகுவதும் அவற்றின் வழியாகத்தான். அவை மூடியபின் நீர் மேலே தேங்குகிறது, வேர் மேலேயே சுருண்டு நிற்கிறது, கோடை வந்ததும் புல் காய்கிறது. நீர் போதவில்லை என்று நாம் இன்னும் நீர் ஊற்றுகிறோம்.

இத்தகைய நிலத்திற்கு ஓர் இலவச உழவன் உண்டு என்பதை இங்கிலாந்து முன்பே அறிந்திருந்தது. செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த மதகுரு கில்பர்ட் வைட், 1777இல் எழுதிய கடிதம் ஒன்றில், மண்புழுக்கள் நிலத்தைத் துளைத்துத் தளர்த்துவதால்தான் மழையும் வேரும் உள்ளே இறங்க முடிகிறது என்றும், அவை இல்லையேல் நிலம் இறுகி மலடாகிவிடும் என்றும் விளக்கினார். 1837இல் இளைஞர் சார்லஸ் டார்வின், தன் மாமா ஜோசையா வெட்ஜ்வுட்டின் நிலத்தில் முன்னர் தூவிய சுண்ணாம்பும் கரித்துண்டுகளும் சில அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்ததைக் கண்டு, அது மண்புழுக்களின் வேலை என்று நிலவியல் கழகத்தில் கட்டுரை வாசித்தார். 1881இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், மண்புழுக்களைப் பற்றியே தன் கடைசி நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழியே மேலே வருகிறது என்பது அவரது கணக்கு.

அந்நூல் பரபரப்பாக விற்றது. ஆனால் புல்தரை காப்பவர்களின் மனம் மாறவில்லை. புழு வெளித்தள்ளும் மண்குவியல் புல்லின் வழவழப்பைக் கெடுக்கிறது, கோல்ஃப் பந்தின் பாதையைத் திருப்புகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கண்ட மருந்து இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்றது: மஹுவா விதைப் பிண்ணாக்கு. நம் இலுப்பையின் நெருங்கிய உறவு அது. இலுப்பைப் பிண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்த தலைமுறைக்கு அதன் நுரை நினைவிருக்கும். நுரைக்குக் காரணமான சபோனின்தான் அங்கே நஞ்சாயிற்று. பொடியைத் தூவி நீர் பாய்ச்சினால் புழுக்கள் மேலே வந்து மடியும், கூட்டி அள்ளிவிடலாம். இங்கே அழுக்கு நீக்கியது, அங்கே உழவனை நீக்கியது.

உழவன் போனபின் உழவு வேண்டியதாயிற்று. முதலில் முட்கவைகளைக் கையால் குத்தினார்கள். பிறகு, 1946இல், பென்சில்வேனியாவின் டாம் மஸ்காரோ மண்ணைத் துளைத்துச் சிறு உருளைகளாக வெளியே எடுக்கும் எந்திரத்தை உருவாக்கினார். காலம் அதற்குச் சாதகமாக இருந்தது. மறு ஆண்டே நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட்டவுன் எழத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றின் முன்னும் புல், அதை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும் என்ற நிபந்தனை. கட்டுமான எந்திரங்கள் அழுத்திய மண்ணின்மேல் மெல்லிய பச்சைப் போர்வை போர்த்துவது அந்நாட்டுப் புறநகர்களின் வழக்கமாயிற்று. போருக்குப் பின் வந்த குளோர்டேன் என்னும் பூச்சிக்கொல்லி வீட்டுப் புல்தரைகளில் வண்டுகளோடு புழுக்களையும் கொன்றது. கறையான் ஒழிப்பைத் தவிர்த்த அதன் பயன்பாடுகளை அமெரிக்கா 1983இலும், எஞ்சியதை 1988இலும் தடைசெய்தது. அந்நாட்டுப் புறநகர்களில் இன்று துளையிடும் எந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது.

அதன் முறை எளியது. மண் சேறாகவும் இல்லாமல் பாறையாகவும் இல்லாமல் மிதமான ஈரத்தில் இருக்க வேண்டும். உள்ளீடற்ற குழல்முட்கள் இரண்டு மூன்று அங்குல ஆழத்திற்கு இறங்கி மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். வெறும் ஆணியால் குத்தினால் துளை விழும். ஆனால் துளையைச் சுற்றிலும் மண் மேலும் நெருக்கப்படும். குளிர்நாட்டுப் புல்லுக்கு இலையுதிர்காலத் தொடக்கமும், வெப்பநாட்டுப் புல்லுக்குக் கோடையின் முற்பகுதியும் ஏற்ற காலம்; துளைபட்ட புல் விரைந்து வளர்ந்து மூடிக்கொள்ளும் பருவங்கள் அவை. வெளியே எடுத்த மண்ணுருளைகளை அள்ளத் தேவையில்லை. அங்கேயே காய்ந்து, உதிர்ந்து, புல்லுக்கிடையே இறங்கிவிடும்.

அடிமண்ணை மேலே கொணர்ந்து சிறு குவியல்களாக விட்டுச் செல்வது: எந்தக் குற்றத்திற்காகப் புழு கொல்லப்பட்டதோ அதே செயலுக்குத்தான் இன்று எந்திரத்திற்கு வாடகை தரப்படுகிறது. எந்திரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும். மட்கும் உரமும் இலைத்தூளும் இட்டு, நஞ்சைத் தவிர்த்து, மேலே தெரியும் சிறு மண்குவியல்களைப் பொறுத்துக்கொண்டால் மற்றவன் நாள்தோறும் வருவான். வெட்டிய கம்பளித் துணியைப்போல நிலம் இருக்க வேண்டும் என்ற ஆசையைச் சற்றே தளர்த்திக்கொள்வதுதான் நாம் தர வேண்டிய கூலி.