இளவட்டக்கல்லும் இளம் எலும்பும்



பாரம் தூக்கினால் பிள்ளை வளராது என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பால் வாளி சுமந்த சிறுவர்கள் குட்டையாய் நின்றதைக் கண்டு சொன்ன பேச்சு அது. வாளியின்மேல் பழி போட்டோம். வயிற்றுக்குப் போதாத சோற்றை மறந்துவிட்டோம்.

தமிழகத்துக் கிராமங்களில் இளவட்டக்கல் என்ற உருண்டைக் கல் கிடக்கும். அதை முழங்கால், மார்பு, தோள் என்று படிப்படியாய் ஏற்றிப் பின்னால் எறிவார்கள். எறிந்தவனுக்கே பெண் என்பது அன்று சில ஊர் வழக்கமாய் இருந்தது. (இன்று கேட்டால் பெண்கள் சிரிப்பார்கள்!)

மலாயாவும் இதில் இளைத்ததன்று. 1950இல் ஆக்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் எம்பயர் விளையாட்டில் தோ ஃபூக் ஹங், கோ எங் தோங் இருவரும் பளுதூக்கலில் தங்கம் வென்றனர். 2014இல் கிளாஸ்கோவில் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் பெற்றார்.

பளுதூக்குவோரில் பலர் குள்ளமாயிற்றே என்பீர்கள். கைகால் குட்டையானவர் எடையை உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. அதனால் அவர்கள் இத்துறையில் நிலைக்கிறார்கள். தூக்கியதால் குள்ளமானவர்கள் அல்லர்.

வளரும் பிள்ளையின் எலும்பு முனையில் மெல்லிய குருத்தெலும்பு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். தவறாய்த் தூக்கி அது முறிந்தால் வளர்ச்சி கெடலாம். முறையான பயிற்சி உயரத்தைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020இல் கூறியது.

தஞ்சோங் மாலிமில் நம் பையன்கள் பால் டின்னில் சிமெண்டு வார்த்து, இரும்புக் குழாயில் மாட்டிப் பந்தயம் கட்டுகிறார்கள். நமக்குப் பயம் அந்தப் பந்தயத்தில்தான். முதலில் வெறுங்குழாயைத் தூக்கட்டும். முழங்கால் மடங்கட்டும், முதுகு வளையாதிருக்கட்டும். விவரமறிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். சிமெண்டு டின் அப்புறம்.