வெட்சி

வெட்சி, தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட பசுமை மாறாப் பூச்செடி. காபி, நுணா ஆகியவை அடங்கிய ரூபியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியல் பெயர் இக்சோரா காக்சினியா. தமிழகத்தில் விருச்சி, இட்லிப்பூ என்றும், கேரளத்தில் தெச்சி, செத்தி என்றும், சிங்களத்தில் ரத்மல் என்றும் வழங்குகிறது. அலுவலக வளாகங்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் வரிசையாக நடப்படுவதால் இதை வெளிநாட்டு அலங்காரச் செடி என்று கருதுவோர் உண்டு. உண்மையில் இது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் குறுங்காடுகளிலும் செம்மண் மேடுகளிலும் தானே முளைத்துக் கிடப்பது.

செடி பொதுவாக ஆள் உயரம் வளரும். இலைகள் தடித்து, பளபளப்பாக, காம்பு இல்லாமலோ மிகக் குறுகிய காம்புடனோ எதிரெதிராக அமைந்திருக்கும். இரண்டு இலைகளின் அடிகளுக்கு நடுவே தண்டோடு ஒட்டிய கூரிய செதில் ஒன்று இருக்கும். பூவில்லாத காலத்திலும் ரூபியேசியே குடும்பத்தை இனங்காண இதுவே எளிய அடையாளம். கிளை நுனிகளில் பூக்கள் நெருங்கிய கொத்தாக வரும். ஒவ்வொரு பூவும் 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள மெல்லிய குழல். அதன் வாயில் நான்கு இதழ்கள் விரியும். காட்டு வெட்சியில் இதழ் முனை கூராக இருக்கும். தோட்டங்களில் இதனுடன் குழப்பிக்கொள்ளப்படும் சீன வெட்சியில் மழுங்கியிருக்கும். குழலின் அடியில் தேன் உண்டு. நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட வண்ணத்துப்பூச்சிகளால் அதை எட்ட முடியும். பூவைப் பிடுங்கி அந்தத் தேனைச் சுவைக்கச் சிறுவர்களுக்கும் தெரியும். பட்டாணி அளவுள்ள காய் சிவந்து, பின் கருமை கலந்த ஊதாவாகப் பழுக்கும்.

வெள்ளைப் பூப் பூக்கும் பாவட்டை இதற்கு நெருங்கிய உறவு. பாவட்டைப் பூவின் சூல்தண்டு இதழ்களைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிற்கும். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் நுண்ணுயிரிகள் தங்கிய கரும்புள்ளிகள் தென்படும். வெட்சியில் இவ்விரண்டும் இல்லை.

தமிழ் இலக்கணத்தில் வெட்சிக்குத் தனி இடம் உண்டு. தொல்காப்பியம் கூறும் ஏழு புறத்திணைகளில் முதலாவது வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் மறவர் இப்பூவைச் சூடுவர் என்பது மரபு. அகத்தில் மலை நிலத்துக்குரிய குறிஞ்சிக்கு இது புறமாக வைக்கப்பட்டது. செடி மலைச்சாரலில் மிகுதியாக வளர்வதை நோக்க, இந்தப் பொருத்தம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. நிரையை மீட்பதைத் தொல்காப்பியம் வெட்சிக்குள்ளேயே அடக்க, பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை அதைக் கரந்தை எனத் தனித் திணையாகப் பிரித்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களுள்ளும் வெட்சி உண்டு. முருகனுக்குரிய பூவாகத் திருமுருகாற்றுப்படையிலும் இது இடம்பெறுகிறது.

ஐரோப்பியர் இதை ஏட்டில் ஏற்றியது 17ஆம் நூற்றாண்டில். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலில் இது மலையாளப் பெயராலேயே பதிவானது. 1753இல் லின்னேயஸ் இன்றைய தாவரவியல் பெயரைச் சூட்டினார். 19ஆம் நூற்றாண்டில் குளிர்நாட்டுச் செல்வர்களின் கண்ணாடிக் குடில்களில் வெட்சி விரும்பி வளர்க்கப்பட்டது. மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களிலும் குட்டை உருவிலும் வகைகள் பரவின. கேரளக் கோயில்களிலோ பழைய சிவப்பு வகையே இன்றும் அர்ச்சனைப் பூ.

வளர்ப்பில் பெரும்பாலான தோல்விகளுக்கு மண்ணே காரணம். வெட்சி அமிலத்தன்மை உள்ள மண்ணுக்குப் பழகியது. கார மண்ணிலும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரிலும், சிமெண்டுச் சுவர் ஓரங்களிலும் அதன் வேருக்கு இரும்புச்சத்து கிடைப்பதில்லை. அப்போது இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். இதை நீர்க்குறைவு என நினைத்து மேலும் அதே நீரை ஊற்றுவதால் நிலை மோசமாகும். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலைகளில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் மண்ணைத் திருத்தாவிட்டால் மஞ்சள் மீண்டும் வரும். செம்மண்ணும் இலைமக்கும் தாராளமாகக் கலந்து, மழைநீர் கிடைக்கும்போது அதை ஊற்றுவதே நிலையான தீர்வு.

மழைக்காலத்தில், அரைகுறையாக முற்றிய கிளையிலிருந்து விரல் நீளத்துக்குச் சற்று அதிகமான போத்துகளை வெட்டி, கீழ் இலைகளை நீக்கி மணல் கலந்த மண்ணில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். வளர்ந்த செடிக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் இலை தழைக்கும், பூ குறையும். தண்ணீர் தேங்கக் கூடாது. மாவுப்பூச்சியும் அசுவினியும் தாக்கும்போது அவற்றின் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் படியும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது வழக்கம்.

பூ புதுக்கிளையின் நுனியில்தான் வரும். ஆகவே ஒரு பூப்பு முடிந்ததும் கவாத்து செய்துவிட்டு, அடுத்த பூப்பு வரை கத்தரியைத் தொடாமல் இருப்பதே முறை. வேலியின் தலை தட்டையாக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் வெட்டுபவர்கள் மொட்டைத்தான் வெட்டுகிறார்கள்.