தாடை மூட்டு: ஒரு வலியின் வரலாறு

முன்னுரை

கும்பகோணத்திற்கு அருகில் உள்ள ஊர் தாராசுரம். அங்கே இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில், 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. துர்வாசரின் சாபத்தால் வெண்ணிறத்தை இழந்த ஐராவதம் என்னும் யானை இங்கே வழிபட்டு நிறத்தைத் திரும்பப் பெற்றது என்பது தல வரலாறு.

ஐராவதத்தின் மேல் ஏறி வருபவன் இந்திரன். சூரியனைப் பழம் என்று எண்ணித் தாவிய ஒரு குழந்தையின் தாடையை வச்சிராயுதத்தால் உடைத்தவனும் அவனே. 'ஹனு' என்ற வடசொல்லுக்குத் தாடை என்று பொருள். அந்தக் குழந்தைதான் அனுமன்!

புராணத்தில் அடிபட்ட தாடைக்கு வரங்கள் கிடைத்தன. சாதாரண மனிதர்களின் தாடைக்கு என்ன கிடைத்தது? அந்தக் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருள்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. வாயைக் கொஞ்சமாகத் திறக்கும்போது அது கதவுக் கீல் போலச் சுழலும். அகலத் திறக்கும்போது முன்பக்கமாக வழுக்கும். எலும்போடு எலும்பு உரசாமல் இருக்க நடுவே ஒரு மெல்லிய நார்த்திசுத் தட்டு இருக்கிறது. இடமும் வலமும் உள்ள இரண்டு மூட்டுகளும் எப்போதும் சேர்ந்தே இயங்க வேண்டும்.

மெல்லும்போது வலி, காதோரம் 'கிளிக்' என்ற சத்தம், வாய் பாதியிலேயே நின்றுவிடுவது, கொட்டாவி விட்ட வாய் மூடாமல் போவது ஆகியவை இந்த மூட்டின் கோளாறுகள். வலி இல்லாமல் வெறும் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை.

பழைய மருத்துவர்களின் கட்டைவிரல்

1862-இல் எட்வின் ஸ்மித் என்பவர் எகிப்தில் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். அது ஏறத்தாழ கி.மு. 1600-ஐச் சேர்ந்தது. அதில் வாய் மூட முடியாமல் தாடை நழுவிய ஒருவருக்கான சிகிச்சை எழுதப்பட்டுள்ளது: இரு கட்டைவிரல்களையும் வாய்க்குள் விட்டு, மற்ற விரல்களை முகவாய்க்குக் கீழே வைத்து, தாடையை அதன் இடத்திற்குத் தள்ள வேண்டும்.

நம் நாட்டின் சரக சம்கிதையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஒத்தடம் கொடுத்து, கட்டைவிரல்களால் தாடையை அழுத்தி, ஆள்காட்டி விரல்களால் முகவாயை உயர்த்த வேண்டும். சுசுருத சம்கிதை, மூட்டைச் சேர்த்த பிறகு போட வேண்டிய கட்டையும் கூறுகிறது.

காரணம் எளிது. முன்னால் வழுக்கிய எலும்பு ஒரு மேட்டைத் தாண்டி மாட்டிக்கொள்கிறது. கீழே அழுத்திப் பின்னால் தள்ளினால் அது பள்ளத்திற்குத் திரும்பும். இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு இந்த முறையே கற்பிக்கப்படுகிறது. (பழக்கமில்லாதவர்கள் வீட்டில் முயலக் கூடாது!)

குற்றவாளியைத் தேடிய காலம்

நழுவிய மூட்டைக் கண்ணால் பார்க்கலாம். மாதக்கணக்கில் வலிக்கும் மூட்டை என்ன செய்வது? சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

1887-இல் எடின்பரோ அறுவை மருத்துவர் தாமஸ் அன்னன்டேல், விலகிய தட்டை அறுவையின் மூலம் இழுத்துத் தைத்ததைப் பற்றி எழுதினார். 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளை வைத்து ஒரு கருத்தை வெளியிட்டார். கடைவாய்ப் பற்கள் விழுந்ததால் தாடை அதிகமாக மூடிக்கொண்டு, நரம்பையும் காதுக் குழாயையும் அழுத்துகிறது என்றார் அவர். 1948-இல் ஹாரி சிக்கர் என்ற உடற்கூறு அறிஞர், எலும்புகளின் அமைப்பின்படி அப்படி அழுத்த வாய்ப்பில்லை என்று காட்டினார். ஆனாலும் 'பல் கடிதான் குற்றவாளி' என்ற நம்பிக்கை போகவில்லை. பல ஆண்டுகள் நல்ல பற்களே அராவப்பட்டன.

1980-களில் பழி தட்டின் மேல் விழுந்தது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, தட்டை எடுத்துவிட்டு டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டு வைக்கப்பட்டது. தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். மெல்லும் அழுத்தத்தில் அது துகள் துகளாக உதிர்ந்தது. துகள்களை எதிர்த்த உடல், கூடவே சுற்றியிருந்த எலும்பையும் அரித்தது. 1990 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. வலிக்காகப் போனவர்கள் மூட்டையே இழந்து திரும்பினார்கள். அராவிய பல் வளராது, எடுத்த தட்டும் திரும்ப வராது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பிய பாதை

இதற்கிடையே 1969-இல் டேனியல் லாஸ்கின், பலருக்கு வலி மூட்டில் இல்லை, தசையில் இருக்கிறது என்று எழுதினார். மன இறுக்கத்தில் பல்லைக் கடிப்பதால் தசை களைத்துப் போகிறது என்பது அவர் கருத்து.

1991-இல் இசுரேலைச் சேர்ந்த டோரிட் நிட்சானும் உடன் பணியாற்றியோரும் வேறொரு வழியைக் காட்டினார்கள். இரண்டு ஊசிகளைச் செலுத்தி மூட்டைத் திரவத்தால் கழுவினார்கள். திறக்காத வாய் திறந்தது. வியப்பு என்னவென்றால், தட்டு பழைய இடத்திற்குத் திரும்பாமலேயே பலருக்கு வலி குறைந்தது. தட்டின் இடம் மட்டுமே நோய் அன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

2023-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியான வழிகாட்டி, நாள்பட்ட வலிக்குத் தாடைப் பயிற்சி, கைகளால் செய்யும் சிகிச்சை, மனப் பயிற்சி முதலியவற்றைப் பரிந்துரைத்தது. தட்டை அகற்றும் அறுவை வேண்டாம் என்றது. எலும்போடு எலும்பு ஒட்டிய மூட்டு போன்ற சிலவற்றுக்கு அறுவை தேவைதான். ஆனால் அது முதல் படி அன்று.

காவிரிக் கரையின் தனிக் கவலை

தாராசுரம் வட்டாரத்தில் இன்னொரு செய்தியும் முக்கியம். வாய் திறக்கவில்லை என்றால் மூட்டுதான் காரணம் என்று முடிவு கட்டக் கூடாது.

கும்பகோணம் வெற்றிலை புகழ் பெற்றது. 2025-இல் புவிசார் குறியீடும் பெற்றது. விருந்து முடிந்தால் வெற்றிலை சீவல் இல்லாமல் தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஆகாது. இதில் கவலைக்குரியது வெற்றிலை அன்று, பாக்கு. பாக்கில் உள்ள அரிகோலின், கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவைப் பெருக்குகிறது. கன்னம் கயிறு போல இறுகி, வாய் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. 1952-இல் கென்யாவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் இந்நோய் விவரிக்கப்பட்டது. 1953-இல் பம்பாய் மருத்துவர் ஜோஷி 'சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்ற பெயரால் எழுதினார். இது புற்றுநோயாகவும் மாறக்கூடும். 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை கலக்காத பாக்குமே புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது.

காரம் பட்டால் வாய் எரிந்து, மூன்று விரல்கள் நுழையாத அளவுக்கு வாய் சுருங்கினால், தாடைப் பயிற்சி செய்துகொண்டு நாள் கடத்தாமல் பல் மருத்துவரிடம் காட்டுவதே நல்லது.

முடிவுரை

தாடை மூட்டின் வரலாற்றில் அவசரப்பட்டவர்களே அதிகக் கேடு செய்தார்கள். ஒவ்வொரு காலமும் ஒரே ஒரு குற்றவாளியைப் பிடித்து, அதை வெட்டி எறிந்தால் போதும் என்று நம்பியது. வென்றது என்னவோ பொறுமையான வழிதான். சில நாள் மென்மையான உணவு, இளஞ்சூட்டு ஒத்தடம், பல்லைக் கடிக்காமல் இருப்பது, மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சி ஆகியவை முதலில் வர வேண்டும். வலி தீராவிட்டால் முதலில் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

திரும்பப் பெற முடியாத சிகிச்சையைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதே இந்தச் சிறு மூட்டு கற்றுத்தரும் பெரிய பாடம்.