பார்த்தவர் பெயர்: சமூக ஊடகங்களில் பார்வையாளர் வெளிப்பாட்டின் வரலாறு

அச்சு நூலைப் படித்தவர் யாரென அதன் ஆசிரியர் பொதுவாக அறிவதில்லை. சமூக ஊடகங்கள் இந்நிலையை மாற்றின. 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆர்க்குட், ஒருவரது பக்கத்தை அண்மையில் பார்த்தோரின் பெயர்களை அவருக்குக் காட்டும் வசதியைப் பின்னர்ச் சேர்த்தது. தம் பெயரை மறைத்தவர் பிறர் பெயரையும் காண இயலாது என்பது அதன் விதி. 2014 நவம்பரில் வாட்ஸ்அப், செய்தி படிக்கப்பட்டதை உணர்த்தும் நீலக் குறிகளை அறிமுகப்படுத்தியது. அவற்றை நிறுத்தும் வசதி வந்தபோது, தனி உரையாடல்களில் அதே விதியே பின்பற்றப்பட்டது. 2016 ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் தொடங்கிய ஸ்டோரிஸ் பகுதியோ, பார்த்தோர் பட்டியலைப் பதிவிட்டவருக்குக் காட்டியது. பெயரை மறைக்கும் தெரிவைப் பார்ப்பவருக்கு வழங்கவில்லை. அத்தளத்தின் வழக்கமான பதிவுகளில் இப்பட்டியல் இல்லை. எனவே பார்வையாளர் வெளிப்பாடு தொழில்நுட்பத்தின் கட்டாயமன்று, வடிவமைப்போரின் முடிவே என்பது புலனாகிறது.

இவ்விதிகள் யாவும் பயனர்களுக்கு இடைப்பட்டவை. பிற பயனருக்கு மறைக்கப்பட்ட பார்வையும் தளத்தை நடத்தும் நிறுவனத்திற்குத் தெரியும். 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. அவ்வுரிமையை எழுதுவோர்க்கு மட்டுமன்றி, படிப்போர்க்கும் உரியதாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும்.