ஆமை புகுந்த வீடு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா' என்னும் பழமொழியை வகுப்பில் சொன்னால், மாணவர்க்கு முதலில் அமீனாவை விளக்க வேண்டியிருக்கிறது. நீதிமன்ற ஆணையோடு பொருள்களைக் கைப்பற்ற வருபவர் என்றதும் தெளிந்துவிடுவர். ஆமை ஏன் என்பதற்குத்தான் விடை எளிதன்று. 'ஆமையால் நோய் பரவும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர், ஐயா' என்றார் ஒரு மாணவர்.

நாம் அதனை ஏற்கவில்லை. யாமை என்று சங்கப் பாடல்கள் சுட்டும் இவ்வுயிரை, ஐம்புலன் அடக்கத்துக்கே உவமையாக்கினார் வள்ளுவர். பாப்பிரெட்டிப்பட்டியில் நாம் சிறுவராயிருந்த நாளில், கிணற்றில் ஆமை கிடந்தால் நீர் தூய்மையாகும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோய்க்கு அஞ்சியவர் குடிநீரில் ஆமையை விட்டுவைப்பாரோ? எனினும் மாணவர் சொன்ன செய்தியில் பிழையில்லை. அது அறியப்பட்ட வரலாறுதான் வேறு.

1885இல் அமெரிக்காவில் பன்றிகளின் நோயை ஆராய்ந்த தியோபால்ட் ஸ்மித் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அவ்வினத்துக்குப் பின்னர் வாய்த்த பெயர் சால்மோனெல்லா. அவருடைய மேலதிகாரி டேனியல் எல்மர் சால்மனின் பெயரால் அமைந்தது. (கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர் என்பது கல்லூரிகளில் இருப்போர்க்கு வியப்பளிக்காது.) நாமறிந்த டைபாய்டுக் கிருமியும் இவ்வினத்ததே, ஆயின் அது மனிதரிடம் மட்டுமே வாழ்வது. ஆமை, ஓணான், பாம்பு, தவளை ஆகியவற்றின் குடலில் வாழும் வகைகள் பிற. அவை அவ்வுயிர்களுக்குப் பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. நலமாக நீந்தும் ஆமையைப் பார்த்து ஒன்றும் அறிய இயலாது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறுவர் உள்ளங்கையளவு ஆமைக்குஞ்சுகளை வீடுதோறும் வளர்த்தனர். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,80,000 பேர் அவற்றால் நோயுற்றனர் என்பது அக்கால மதிப்பீடு. கிருமியற்றவை என்று சான்று பெற்ற ஆமைகளையே மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பலாம் என 1972இல் விதி வந்தது, அது பயன்படவில்லை. ஆமை ஒருநாள் கிருமியை வெளியேற்றும், மறுநாள் வெளியேற்றாது. இன்று தூயதென்று சான்று பெற்றது நாளை தொட்டியைக் கெடுக்கும். பண்ணைகளில் மருந்திட்டுப் பார்த்ததில், மருந்துக்கு அடங்காக் கிருமிகள் தோன்றியதே மிச்சம். ஆகவே 1975இல் ஓடு 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையையே தடுத்தனர். குழந்தையின் வாய்க்குள் எது நுழையும் என்பதைக் கொண்டு வகுத்த அளவு அது.

அதே சிவப்புக்காது ஆமைக்குஞ்சுகள் நம் நகரங்களின் வண்ணமீன் கடைகளிலும் விற்பனையாயின. (நம் நட்சத்திர ஆமையை வளர்ப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) நாம் அறிந்த வீடொன்றில், ஆமை இருந்தால் செல்வம் பெருகும் என்று யாரோ கூற, கண்ணாடித் தொட்டி வந்தது. அமீனாவோடு சேர்த்துப் பழித்த உயிரைச் செல்வத்துக்காக வரவேற்கிறோமே என்று நாம் நகைத்தோம். நகைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. தொட்டியின் நீரை அவ்வீட்டார் சமையலறைத் தொட்டியில் ஊற்றி, அங்கேயே அதனைத் தேய்த்துக் கழுவினர்; அருகில் கழுவிய பாத்திரங்கள். கூடத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஆமையை எடுத்து முத்தமிட்டுக்கொண்டிருந்தது. பெரியவர்க்குச் சில நாள் காய்ச்சலும் கழிச்சலுமாய்க் கடந்துவிடக்கூடிய இந்நோய், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கும் முதியோர்க்கும் குருதியில் கலந்து உயிருக்கே ஊறு செய்யவல்லது.

1975ஆம் ஆண்டின் கதையை அவ்வீட்டாரிடம் சொன்னோம். தொட்டி இப்போது கொல்லையில் இருக்கிறது. தனி வாளி, அருகே சோப்பு. ஆமையை வாணியாற்றில் விட்டுவிடலாமா என்று அந்த அம்மா கேட்டார். வேண்டாமென்றோம், அயல்நாட்டு ஆமை நம் நீர்நிலைகளில் பெருகினால் இங்குள்ள ஆமைகளுக்கு இரையும் இடமும் குறையும். குழந்தை இன்னமும் தொலைவில் நின்று அதனைப் பெயர் சொல்லி அழைக்கிறது.