கைத்துப்பாக்கித் தோட்டா மருந்து

கைத்துப்பாக்கித் தோட்டாவில் குண்டைத் தள்ளுவது கூட்டுக்குள் இருக்கும் சிறிதளவு மருந்து. பிரைமர் அதற்கு நெருப்பு வைக்கிறது. மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயுவின் அழுத்தம் குண்டைக் குழல் வழியே வெளியே செலுத்துகிறது. சுட்ட கூட்டைத் தூக்கி எறியாமல் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்துக் கையாலேயே மீண்டும் நிரப்பும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில், குறிப்பாக அமெரிக்காவில், வேரூன்றியது. முதலில் அது சிக்கனத்துக்காக. பிறகு இலக்குப் போட்டிக்காரர்கள் அதில் வேறு லாபம் கண்டனர். குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழ வேண்டும், கை அதிகம் உதை வாங்கக் கூடாது என்ற இரண்டையும் தரும் மருந்தைத் தாங்களே தெரிந்தெடுக்க முடிந்தது. அந்தத் தெரிவின் வரலாற்றைப் புரிந்துகொள்ள, கூட்டுக்குள் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, மருந்து இல்லாத இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே நல்ல வழி.

கருமருந்துக் காலத்தில் அந்த வெற்றிடமே கிடையாது. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கருமருந்தைக் கூடு நிறைய இட்டு, குண்டை அதன்மேல் அழுத்தி வைப்பதே முறை. 1873-இல் வந்த .45 கோல்ட் தோட்டாவில் 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம், கருமருந்து இருந்தது. அதை அளப்பதில் சற்று முன்பின் ஆனாலும் பெரிய ஆபத்தில்லை. கூட்டின் கொள்ளளவே எல்லையாக நின்றது. குறைகள் வேறு. எரிந்ததில் பாதிக்கு மேல் திடக் கழிவாகிப் புகையாகவும் கரியாகவும் மிஞ்சியது. சில சுற்றுகளுக்குள் குழல் அழுக்கேறிக் குறி தவறும்.

புகையற்ற மருந்துக்கான வழி 1846-இல் பாசல் நகர வேதியியலாளர் கிறிஸ்தியன் பிரீட்ரிக் ஷோன்பைன் கண்ட வெடிபஞ்சிலிருந்து தொடங்குகிறது. பருத்தியை நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் ஊறவைத்துப் பெற்ற இந்த நைட்ரோசெல்லுலோஸ் கட்டுக்கடங்காமல் எரிந்தது. இங்கிலாந்தின் பேவர்ஷாமில் அதைத் தயாரித்த ஆலை 1847-இலேயே வெடித்துச் சிதறியது. பஞ்சை அரைத்துக் கூழாக்கிக் கழுவி நிலைப்படுத்தும் முறையைப் பிரெடரிக் ஏபல் 1860-களில் வகுத்தார். அதைக் கரைப்பானில் பிசைந்து, தகடாக்கி, துண்டுகளாக வெட்டினால் மேற்பரப்பிலிருந்து படிப்படியாக எரியும் என்பதை 1884-இல் பிரான்சின் போல் வியேய் நிறுவினார். மருந்தின் எரிவேகத்தை வேதிப்பொருள் மட்டுமன்றித் துணுக்கின் வடிவமும் தடிமனும் தீர்மானிக்கும் என்பதே அவர் கண்டதன் சாரம். பின்னாளைய கைத்துப்பாக்கி மருந்துகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. ஆல்பிரட் நோபல் 1887-இல் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துப் பாலிஸ்டைட் செய்தார். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் கொண்டது ஒற்றை அடிப்படை மருந்து என்றும், நைட்ரோகிளிசரினும் கலந்தது இரட்டை அடிப்படை மருந்து என்றும் அன்று ஏற்பட்ட பிரிவு இன்றும் நீடிக்கிறது.

புதிய மருந்து அதே எடைக்குக் கருமருந்தைவிடப் பல மடங்கு ஆற்றல் தந்தது. ஆகவே சிறிதளவே போதும். ஆனால் கூடுகளோ பழைய அளவிலேயே இருந்தன. பிரிட்டன் இதற்கு நேர்வழித் தீர்வு கண்டது. ஏபலும் ஜேம்ஸ் தேவாரும் 1889-இல் உருவாக்கிய கார்டைட்டை .455 ரிவால்வர் தோட்டாவில் இட்டபோது, 1897-இல் கூட்டையே குட்டையாக்கிவிட்டனர். இந்தக் கார்டைட்டைச் செய்வதற்கென நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1903-இல் அமைந்த ஆலையின் பெயரில் அந்த மருந்தின் பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது ‘கார்டைட் பாக்டரி’தான்.

அமெரிக்கா கூட்டைக் குறைக்கவில்லை. 1898-ஐ ஒட்டி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட .38 ஸ்பெஷல் கருமருந்துக்காக வடிவமைத்த தோட்டா. கூட்டின் நீளம் 29 மில்லிமீட்டருக்கும் அதிகம். புகையற்ற மருந்துக்கு மாறிய பின்னும் அந்த நீளம் அப்படியே நின்றது. விளைவாக, இலக்குச் சுடுகைக்கான மருந்து அதன் அடியில் சிறு பிடியாகக் கிடக்க, மீதி இடம் காற்றாயிற்று. லாப்லின் அண்ட் ராண்ட் நிறுவனத்தின் ‘புல்ஸ்ஐ’ மருந்தும் அதே 1898-இல் வந்தது. மிகச் சிறிய தட்டையான வட்டத் துணுக்குகள், ஏராளமான நைட்ரோகிளிசரின், எளிதில் பற்றிக்கொள்ளும் குணம் ஆகியவற்றால் குறுகிய குழலுக்குள்ளும் தாழ்ந்த அழுத்தத்திலும் அது முழுதாக எரிந்துவிடும். சற்று மெதுவாக எரியும் ‘யூனிக்’ அடுத்த சில ஆண்டுகளில் வந்து, முழு வேகத் தோட்டாக்களுக்கும் பயன்படும் நடுத்தர மருந்தாக நிலைத்தது.

வேகமாக எரியும் மருந்து ஏன் மென்மையாகச் சுடுகிறது என்பதற்கு விளக்கம் தேவை; கேட்ட மாத்திரத்தில் தலைகீழாகத் தோன்றும். துப்பாக்கி பின்னால் உதைப்பது குண்டு முன்னால் செல்வதால் மட்டுமல்ல. எரிந்த மருந்து முழுவதும் வாயுவாகக் குண்டைவிட வேகமாக வெளியேறுகிறது. அதன் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ப உதைப்பு கூடுகிறது. ஒரே குண்டை ஒரே வேகத்தில் செலுத்த, வேக மருந்து குறைந்த எடையில் போதும். குழல்வாயில் எஞ்சும் அழுத்தமும் குறைவு, ஆகவே ஓசையும் தீப்பிழம்பும் குறைவு. ஆனால் இதை மிகைப்படுத்தக் கூடாது. இலக்குத் தோட்டாவில் மருந்தின் எடை குண்டின் எடையில் சில சதவீதமே. மென்மையின் பெரும்பங்கு குண்டின் வேகத்தைக் குறைத்ததாலும் துப்பாக்கியின் எடையாலும் வருவது. வேக மருந்து ‘குத்துகிறது’, மெது மருந்து ‘தள்ளுகிறது’ என்று சுடுவோர் ஓயாது வாதிடுவர். குண்டு குழலில் இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டு. அதற்குள் அழுத்தம் ஏறி இறங்கும் விதத்தைக் கை பிரித்தறியும் என்று நம்புவது கடினம்.

துல்லியத்துக்கு வேண்டியது ஒவ்வொரு சுடலும் முந்தையதைப் போலவே இருப்பது. இங்கேதான் வெற்றிடம் தொல்லை தருகிறது. துப்பாக்கி முன்பக்கம் சாய்ந்திருந்தால் மருந்து குண்டின் பக்கம் சரியும். பின்பக்கம் சாய்ந்திருந்தால் பிரைமரை ஒட்டிக் கிடக்கும். சில மருந்துகள் இவ்விரு நிலைகளிலும் கண்கூடாக வேறுபட்ட வேகம் தரும். மெதுவாக எரியும் மருந்தைக் குறைத்து இட்டால் நிலை இன்னும் மோசம்: போதிய அழுத்தம் எழாமல் பாதி எரிந்த துணுக்குகள் குழலிலும் கையிலும் சிதறும்.

இதற்கு ஒரு தீர்வு குண்டிலிருந்தே வந்தது. முன்முனை தட்டையாகவும் காகித இலக்கில் வட்டமான துளை போடுவதாகவும் அமைந்த ‘வாட்கட்டர்’ ஈயக் குண்டை .38 ஸ்பெஷல் கூட்டின் வாய்மட்டத்துக்கு முழுதாக உள்ளே அமுக்கினர். 148 கிரெயின் எடையுள்ள அக்குண்டு வெற்றிடத்தில் பாதியைத் தானே அடைத்துக்கொண்டது. சிறிதளவு புல்ஸ்ஐயும் இந்தக் குண்டும் சேர்ந்த கூட்டணி அமெரிக்க இலக்குப் போட்டிகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. இத்தோட்டாவை மட்டுமே சுடும் தானியங்கிக் கைத்துப்பாக்கியை, மாடல் 52 என்ற பெயரில், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1961-இல் கொண்டுவந்தது. பன்னாட்டு 25 மீட்டர் சென்டர் பயர் போட்டியில் அதைவிடச் சிறிய .32 வாட்கட்டர் பெயர்பெற்றது. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது இப்பிரிவில்தான்.

.45 ஏசிபி தோட்டாவின் கதை வேறு. ஜான் பிரவுனிங் அதைப் புகையற்ற மருந்துக்காகவே வடிவமைத்ததால் கூடு குட்டை; 1911-இல் அமெரிக்கப் படை ஏற்ற துப்பாக்கிக்கு உரியது அது. ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் 1907 முதல் நடக்கும் தேசியப் போட்டிகளில் 50 கஜத்திலும் 25 கஜத்திலும் சுடுவோர் இதற்கு மென்மையான தோட்டா தேடினர். மருந்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துப்பாக்கியின் மேற்பகுதி முழுதாகப் பின்வாங்காது, அடுத்த தோட்டா ஏறாது. அதனால் இலகுவான வில்சுருளைப் பொருத்தி, 200 கிரெயின் அளவிலான ஈயக் குண்டை மட்டான வேகத்தில் அனுப்பினர். தானியங்கித் துப்பாக்கியில் மருந்துத் தெரிவு வில்சுருளோடு சேர்ந்த தெரிவு என்பது இதிலிருந்து பெற்ற பாடம்.

மருந்துத் துணுக்கின் வடிவத்தில் அடுத்த திருப்பம் 1933-இல் நேர்ந்தது. வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனத்தில் பிரெட் ஓல்சன், நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்து நீருக்குள் கலக்கி உருண்டைகளாக்கும் முறையைச் செயல்படுத்தினார். உருண்டை மருந்து மணல்போல ஒழுகும். கையால் நிரப்புவோர் மருந்தைப் பெரும்பாலும் எடைபோடுவதில்லை. சிறு குழியில் கொள்ளளவாகவே அளக்கின்றனர். தட்டைத் துணுக்குகள் அதில் ஒன்றன்மேல் ஒன்று பாலம் கட்டி அளவு தவறச் செய்யும். உருண்டை அப்படிச் செய்யாது. வின்செஸ்டர் 231 இவ்வழியில் வந்து பரவலான பெயர் பெற்றது. ஹாட்ஜ்டன் நிறுவனம் எச்பி-38 என்ற பெயரில் விற்பதும் அதே மருந்துதான்.

இலக்குச் சுடுவோர் விரும்பிய பல மருந்துகள் கைத்துப்பாக்கிக்காகப் பிறந்தவையே அல்ல. 1932-இல் ஹெர்குலிஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ரெட் டாட்’, பின்னர் ஆஸ்திரேலியாவில் தயாராகி ஹாட்ஜ்டன் விற்ற ‘கிளேஸ்’ ஆகியவை பறக்கும் களிமண் வட்டுகளைச் சுடும் சிதறுகுண்டுத் தோட்டாக்களுக்கானவை. தாழ்ந்த அழுத்தத்தில் வேகமாக எரியும் தேவை இரண்டுக்கும் பொது என்பதால் அவை இங்கும் பொருந்தின. பின்லாந்தின் விஹ்தவுவோரி ஆலை வேறு பாதையில் சென்றது. அதன் என்310, என்320 ஆகியவை நுண்ணிய உருளைகளாகப் பிழிந்தெடுத்த ஒற்றை அடிப்படை மருந்துகள். சுத்தமாக எரிவதாலும் ஒரே சீராக அளக்க வருவதாலும் விலை அதிகமானாலும் விரும்பப்படுகின்றன.

1976-இல் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியாவில் பிறந்த, துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளுக்கான ஐபிஎஸ்சி அமைப்பு, மென்மைக்கு ஒரு கீழெல்லை வகுத்தது. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பது ‘பவர் பாக்டர்’. தாழ்ந்த பிரிவுக்கு அது 125-க்குக் குறையக் கூடாது. 115 கிரெயின் குண்டு 1,100 அடி வேகத்திலும், 147 கிரெயின் குண்டு 860 அடி வேகத்திலும் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தருகின்றன. ஆயினும் கனமான குண்டை மெதுவாக அனுப்பக் குறைந்த மருந்தே போதும் என்பதால் போட்டியாளர் பலர் அதன் பக்கம் சாய்ந்தனர். இதே அமைப்பின் ஓபன் பிரிவில் எல்லாம் தலைகீழ். அங்கே குழல்முனையில் வாயுவை மேல்நோக்கித் திருப்பும் துளைகள் உண்டு. அவை வேலை செய்ய நிறைய வாயு வேண்டும். ஆகவே அங்கே தேடுவது கூட்டை நிரப்பும் மெதுவான மருந்தை.

வேக மருந்தின் மிகப் பெரிய ஆபத்தும் வெற்றிடத்திலிருந்தே வருகிறது. .38 ஸ்பெஷல் கூட்டில் இலக்கு அளவை இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. மேலிருந்து பார்க்காமல் குண்டை வைத்துவிட்டால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. இத்தோட்டாவுக்குச் சாமி என்ற அமெரிக்கத் தர அமைப்பு விதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் 35,000-இல் பாதிதான். இரட்டை அளவு விழுந்த தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடும். இதற்கு மாற்றாகவே ஹாட்ஜ்டன் 2000-களில், நடுவே துளையிட்ட வடை போன்ற துணுக்குகள் கொண்ட ‘டிரெயில் பாஸ்’ மருந்தைக் கொண்டுவந்தது. எடை குறைவு, பருமன் அதிகம். பழைய நீளக் கூடுகளைக் கருமருந்தைப் போலவே அது நிரப்பிவிடும், இரண்டு முறை கொட்டினால் வெளியே வழியும். ஆயினும் எந்த மருந்துக்கும் எந்தக் குண்டுக்கும் எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர் வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

புல்ஸ்ஐ இன்னும் வழக்கொழியவில்லை. லாப்லின் அண்ட் ராண்டை 1902-இல் டூபான்ட் வாங்கியது; ஏகபோக எதிர்ப்பு வழக்கில் 1912-இல் டூபான்ட் உடைந்தபோது மருந்து ஹெர்குலிஸ் கைக்குப் போயிற்று. 1940 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் கென்வில்லில் இருந்த ஹெர்குலிஸ் ஆலை வெடித்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1995-இல் ஹெர்குலிஸின் மருந்துத் தொழில் அலையன்ட் நிறுவனத்திடம் சேர்ந்தது. 1898-இல் வந்த மருந்து இன்று நான்காவது நிறுவனத்தின் பெயரில் விற்பனையாகிறது.