ஸ்டோருக்குள்ள சட்டம் இருக்கு, மலையில?

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ஒப்படைக்காக நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை வாசித்தோம். பாதி வாசிக்கும்போது எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதுல எங்கம்மா எங்க இருக்காங்க?"

அவளுடைய அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன் மலையில் குளவி கொட்டி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தவர். கடைசிப் பக்கம் வரைக்கும் தேடினோம். அம்மா அந்தச் சட்டத்துக்குள் இல்லை. ஏன் இல்லை என்று தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

இந்த வகைச் சட்டங்கள் பிறந்த இடம் இங்கிலாந்தின் துணி ஆலைகள். 1833 இல் வந்த சட்டம் சிறுவர்களின் வேலை நேரத்தைக் குறைத்தது, அதைப் பார்த்துக்கொள்ள நான்கு பரிசோதகர்களை நியமித்தது. ஆலைகள் எத்தனையோ, ஆட்கள் நாலே பேர். 1844 இல் ஓடும் இயந்திரங்களுக்கு வேலி போட வேண்டும் என்ற விதி வந்தது. ஆக, தொடக்கத்திலிருந்தே சட்டத்தின் கண்ணில் ஆபத்து என்றால் இயந்திரம், வேலைத்தளம் என்றால் கூரை போட்ட கட்டடம்.

இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் உடம்பைப் பற்றிச் சட்டம் முதலில் பேசியது கோப்பிக் காலத்தில். 1872 இல் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. வைத்தியரும் ஆஸ்பத்திரியும் வேண்டும், செலவைத் தோட்டங்கள் பொறுக்க வேண்டும் என்றது. 1912 இல் லயங்களின் சுகாதாரத்தைப் பற்றியும் சட்டம் பேசியது. நோய் வந்தால் மருந்து என்பதுதான் இவற்றின் யோசனை. வேலையே ஆளைக் காயப்படுத்தும் என்ற கேள்வி இன்னும் வரவில்லை.

அந்தக் கேள்வி 1934 இல் வந்தது. அந்த வருடத்தின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது விபத்தில் காயப்பட்டாலோ இறந்தாலோ முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. அப்போது தொழில் அமைச்சராக இருந்தவர் பெரி சுந்தரம், அட்டனில் இருந்து அரசாங்க சபைக்குப் போன மலையகத் தமிழர். இந்தச் சட்டத்துக்குள் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இது விபத்துக்குப் பிறகு பேசுகிற சட்டம். விபத்து நடக்காமல் பார்ப்பது இதன் வேலை இல்லை.

நடக்காமல் பார்ப்பதற்கு வந்ததுதான் 1942 இன் சட்டம். பிரித்தானியாவின் 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தை மாதிரியாக வைத்து எழுதப்பட்டது. காற்றோட்டம், வெளிச்சம், குடிநீர், மலசலகூடம், இயந்திரங்களுக்கு வேலி, தீ பிடித்தால் தப்பும் வழி, முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் இருக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் அது காக்கிற இடத்தின் பெயர் 'தொழிற்சாலை'. உடலுழைப்பால் பொருள் செய்கிற, திருத்துகிற, விற்பனைக்குத் தயார்ப்படுத்துகிற இடம் என்று அதற்கு விளக்கம்.

இப்ப தேயிலையைப் பாருங்கள். கொழுந்து ஸ்டோருக்குள் போனதும் அதை அரைக்கிற இயந்திரத்துக்கு வேலி உண்டு, பரிசோதகர் உண்டு. அதே கொழுந்தை மலையில் நின்று எடுக்கிறவருக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. குளவி, அட்டை, பாம்பு, வழுக்கும் சரிவு, மருந்து அடிக்கிற நாளில் வரும் நெடி, இவை எதுவும் இயந்திரம் இல்லையே.

இன்னொரு விசயமும் எங்களை யோசிக்க வைத்தது. 1942 இல் எழுதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 இல். இடையில் 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் பெரும்பாலானவர்களின் வாக்கைப் பறித்துவிட்டன. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் 'இந்தச் சட்டத்தை மலைக்கும் கொண்டு வாங்க' என்று பாராளுமன்றத்தில் அழுத்திக் கேட்க, வாக்குள்ள சனம் வேணும்தானே?

மாதிரியைக் கொடுத்த பிரித்தானியா அதோடு நிற்கவில்லை. 1956 இல் விவசாய வேலைக்கென்று தனிச் சட்டம் போட்டது. 1974 இல் 'தொழிற்சாலை' என்ற எல்லையையே தாண்டி, வேலை எங்கே நடந்தாலும் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்றது. 2022 இல் சர்வதேச தொழில் தாபனம், பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. எங்கட நாட்டில் எல்லா வேலைத்தளங்களுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு வருடக்கணக்காக நடக்குது.

மலைக்குச் சட்டம் வந்தால் என்ன மாறும்? ஆளை இறக்கமுதல் குளவிக்கூடு இருக்கா என்று பார்ப்பது தயவாக இல்லாமல் கடமையாகும். பார்க்காமல் விட்டால் கேட்க ஒரு பரிசோதகர் இருப்பார். நட்டஈட்டுக்கு முந்தியே ஒரு கேள்வி இருக்கும்.

அன்றைக்கு இரவு அவள் அம்மாவுக்குக் கோல் எடுத்து, குளவி கொட்டின நாளைப் பற்றிக் கேட்டாள். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டுக்கொண்டு இருந்தோம். "என்ன செய்யிறது மகள், கூடைய போட்டுட்டு ஓடுனேன்," என்றார் அம்மா. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அன்னைக்கு அரைப் பேர்தான் போட்டாங்க."